மடியில் மயில்கழுத்துப் புடவை

தேனாம்பேட்டைச் சந்து வீட்டு வாசலில் காலை வெயில் சாய்ந்து விழுகிறது. அந்த வெளிச்சத்தில் மயில்கழுத்து நிறப் புடவையை மடியில் போட்டு, அமீனா பீ ஃபால்ஸ் தைத்துக்கொண்டிருக்கிறார். எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில், கையில் டேப்லெட்டோடு சந்திரிகா. பெண்களின் உழைப்பைப் பற்றியே பன்னிரண்டு வருடமாக ஆராய்ந்துவரும் பொருளாதாரப் பேராசிரியை. “அக்கா, நீங்க வேலை பாக்கறீங்களா?” “இல்லம்மா, வீட்ல சும்மாதான் கீறேன்.” ஊசி நிற்கவில்லை. டேப்லெட்டில் ‘இல்லை’ என்று அழுத்தினால் மீதிக் கேள்விகள் மூடிக்கொள்ளும். அமீனா பீ ஆய்வுக்குள்ளேயே வரமாட்டார். காலையிலிருந்து இப்படி நான்கு பேர் நழுவிவிட்டார்கள். சந்திரிகாவுக்கு எழுந்து போய்விடலாம் போலிருக்கிறது. “அப்ப மடியில இருக்கறது?” “இதுவா? கடைக்காரர் குடுத்தது. ஒரு நாளைக்கு ஆறு புடவை. வேலைன்னா எம்மவ ஜோயா மாதிரி பஸ் புடிச்சுப் போவணும்.” உள்ளிருந்து கணவர் பீர் முஹம்மது குரல் கொடுக்கிறார். “சும்மான்னே எழுதிக்கோம்மா. பேசறதுக்கு மட்டும் ஓவர்டைம் பாக்குது.” அமீனா பீ நூலைப் பல்லால் கடித்து அறுக்கிறார். பதிலை எடுத்துக்கொடுக்கக் கூடாது, அவர்கள் வாயால் சொல்வதை மட்டுமே பதிய வேண்டும் என்று விதி எழுதியவளே சந்திரிகாதான். தன்மேலேயே எரிச்சல் வர, விரல் ‘இல்லை’யை நோக்கி இறங்குகிறது. “சீக்கிரம் கேட்டு முடிம்மா,” என்கிறார் அமீனா பீ, அடுத்த புடவையை உதறி விரித்தபடி. “எனக்கு வேலை கீது.” விரல் அந்தரத்தில் நிற்கிறது. பிறகு நகர்ந்து, ‘ஆம்’ மீது கொஞ்சம் பலமாகவே அழுத்துகிறது.