பாஸ் மாப்பிள்ளை

"மூச்சை இழுத்துப் பிடிங்கப்பா!"

மாமனார் மூச்சை இழுத்தார். மைத்துனன் சட்டையை இழுத்தான். முதுகில் 'சூறாவளி' என்ற பெயரும் பத்தாம் எண்ணும் போட்ட அந்தக் கால்பந்துச் சட்டை, தொப்புள் வரை வந்து, அதற்குக் கீழே இறங்க மறுத்துவிட்டது.

சாயங்காலம் ஆட்டம். வீட்டு மாப்பிள்ளை கிளப்பிலிருந்து எட்டு ஓசி பாஸ் கொண்டுவந்திருந்தார். எட்டும் முதல் வரிசை. அவர் கிளப்பில் சேர்ந்து மூன்று வருஷத்தில் குடும்பத்துக்கு விளைந்த ஒரே நன்மை இதுதான் என்பதால், 'பாஸ் மாப்பிள்ளை' என்றே அவருக்குப் பெயர். ஆட்டம் இல்லாத நாளில் அவரோடு யாரும் பேசுவதில்லை.

"சித்தி வீட்டுல எல்லாரும் கோவமா இருக்காங்க மாப்பிள்ளை. அடுத்த தடவை பன்னெண்டா வாங்கிட்டு வாங்க" என்றார் மாமனார், சட்டைக்குள்ளிருந்து. "சும்மா போய் உக்காந்துட்டு வர்றதுக்குச் சம்பளம் வாங்கறீங்க. இதைக்கூடச் செய்யலேன்னா எப்படி?"

"கேட்டுப் பாக்கறேன் மாமா."

அப்போதுதான் டி.வி.யில் அந்தச் செய்தி வந்தது. காலைப் பயிற்சியில் சூறாவளிக்குக் கணுக்கால் பிசகிவிட்டது. இன்று ஆடமாட்டார்.

வீடு இழவு வீடாயிற்று. மாமியார் சோபாவில் சரிந்தார். மாமனார் சட்டையைக் கழற்றப் போக, அது கழுத்தில் மாட்டிக்கொண்டது. தன் சொந்த மூட்டுவலிக்குக்கூட அவர் அப்படி முனகியதில்லை.

மாப்பிள்ளையின் போன் அடித்தது. ஜன்னலோரம் போய்ப் பேசினார். "சொல்லுங்க சார்... நிஜமாவா சார்?... கண்டிப்பா சார்... ரொம்ப நன்றி சார்."

திரும்பியபோது அவர் முகத்தில் ஒரு சிரிப்பு. மாமியார் பார்த்துவிட்டார்.

"இடி விழுந்த வீட்டுல சிரிப்பு ஒண்ணுதான் குறைச்சல்!"

"இல்ல அத்தை, கிளப்புலேர்ந்து ஒரு நல்ல சேதி..."

"கணுக்கால் சரியாயிடுச்சாமா?"

"அது இல்ல. வந்து..."

"அப்ப வேற என்ன நல்ல சேதி? விடுங்க."

சீட்டாட்டத்தில் தோற்றவர்கள் மாதிரி, ஒவ்வொருவராக வந்து பாஸைச் சாப்பாட்டு மேஜையில் போட்டார்கள்.

"என்ன மாமா, யாருமே வரலையா? முதல் வரிசை காலியா கிடக்குமே!"

"அவனுக்குப் பதிலா எவனோ ஒருத்தன் இறங்குவான். அவனைப் பாக்க நாங்க குடும்பத்தோட வரணுமா? மாப்பிள்ளை இல்லாத கல்யாணத்துக்கு எவனாவது போவானா, மாப்பிள்ளை?" மாமனாரின் தலை ஒருவழியாக வெளியே வந்தது. "சீட்டைத் தேய்க்கறது உங்க உத்தியோகம். எங்களை இழுக்காதீங்க."

மாப்பிள்ளை சமையலறைக்குப் போனார். மனைவி, ஆட்டத்துக்கென்று கட்டிவைத்த டிபன் டப்பாக்களைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"நீயாவது வாயேன். இன்னிக்கு எனக்கு ஒரு விசேஷம்."

"என்னங்க, துணி ஊறப்போட்டுட்டேன். ராத்திரி வந்து சொல்லுங்க, நிதானமா கேக்கறேன். சாப்பாடு போடட்டுமா?"

"வேணாம். ரெண்டு வாழைப்பழம் போதும். ஒரே படபடப்பா இருக்கு."

"எல்லாருக்கும் அப்படித்தாங்க இருக்கு. பாவம், எந்தக் காலோ!"

அவர் எட்டு பாஸையும் பாக்கெட்டில் செருகிக்கொண்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

மைதானத்து வாசலில் டிக்கெட் வாங்க வரிசையே இல்லை. வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கத்தான் தெருமுனை வரை நின்றார்கள். நேற்றுவரை கூவிக் கூவிப் பத்தாம் எண் சட்டை விற்றவர், மிச்சத்தை வண்டிக்குள் திணித்துக்கொண்டிருந்தார்.

வரிசையில் நின்ற ஒருவரிடம் மாப்பிள்ளை பாஸை நீட்டினார். "முதல் வரிசைங்க. காசு வேணாம்."

அந்த மனிதர் ஏற இறங்கப் பார்த்தார். "ஓசின்னா எதை வேணா பாத்துடுவோமா சார்?"

மாப்பிள்ளை பின்வாசலுக்கு நடந்தார். சூறாவளிக்காக வரும் கூட்டத்தைச் சமாளிக்கவென்று அன்றைக்குத்தான் அமர்த்தப்பட்ட ஒரு காவலாளி, விரட்ட ஆளில்லாமல் கொட்டாவி விட்டுக்கொண்டு நின்றிருந்தார். கிடைத்த ஒரே ஆளை விடுவாரா?

"நில்லுங்க சார். பையைத் திறங்க."

திறந்தார். மேலாக ஒரு சட்டை மடித்து வைத்திருந்தது. காவலாளி அதை விரித்துப் பார்த்தார்.

"பதினெட்டா? அப்படி ஒரு நம்பரே நான் பாத்ததில்லையே. விக்காத சரக்கை உங்க தலையில கட்டிட்டாங்க சார்!"

"மூணு வருஷமா வச்சிருக்கேங்க. அழுக்கே ஆகலை."

"எப்படி ஆகும்?" காவலாளிக்கு அவரைப் பார்க்கப் பரிதாபமாக இருந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டார். "சார், விஷயம் தெரியாதா? சூறாவளி இன்னிக்கு இல்லை. ஊரே திரும்பிப் போயிட்டிருக்கு. எவனோ ஒருத்தன் இறங்கி ஆடப்போறானாம். அதைப் பாக்கவா இவ்வளவு தூரம் வந்தீங்க? பேசாம வீட்டுக்குப் போங்க."

மாப்பிள்ளை சட்டையை வாங்கி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"போக முடியாதுங்க. அந்த எவனோ ஒருத்தன் நான்தான்."