வாடகை நாய்

“இது என்ன, வாடகை சைக்கிளா? ஆசை தீர ஓட்டிட்டுக் கொண்டுவந்து விட்டுட்டுப் போறதுக்கு?”

நாய்கள் காப்பகத்தின் புது மேனேஜர் அம்மா கேட்டதும், லிஃப்ட் மெக்கானிக் வாசலிலேயே நின்றுவிட்டார். அவருடைய பேன்ட்டில் முழங்கால் வரை சேறு. பக்கத்தில் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு, ‘புயல்’.

அங்கே எல்லோரும் அதை அப்படித்தான் கூப்பிட்டார்கள். பார்க்க வருகிறவர்கள் மேல் தாவி ஏறும். கூட்டிக்கொண்டு போன இரண்டு குடும்பங்களும் திரும்பக் கொண்டுவந்து விட்டிருந்தன.

“நானும் வந்ததுலேர்ந்து பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஆனா வர்றீங்க. அதைக் கூட்டிட்டுப் போய் பந்து போட்டு விளையாடுறீங்க. அப்புறம் கூண்டுல தள்ளிட்டுப் போயிடுறீங்க. சாயங்காலம் வரைக்கும் கேட்டையே பார்த்துட்டு உட்கார்ந்திருக்கு, தெரியுமா?”

“தெரியும் மேடம்.”

“அப்ப உங்க வீட்டுக்கே கூட்டிட்டுப் போறதுதானே?”

“நாலு பேர் ஒரே ரூம்ல இருக்கோம். ஹவுஸ் ஓனர் நாய் வெச்சுக்க விடமாட்டார்.”

“வெச்சுக்க முடியாதுன்னா ஏன் ஆசை காட்டறீங்க? உங்க பொழுதுபோக்குக்கு அதுதான் கிடைச்சுதா?”

அவர் பதில் சொல்வதற்குள் ஒரு குடும்பம் உள்ளே வந்தது. அப்பா, அம்மா, சின்னப் பெண்.

மேனேஜர் அம்மா பதறிப்போய்க் கயிற்றைப் பிடிக்கப் போனாள். ஆனால் புயல் தாவவில்லை. அந்தப் பெண்ணின் காலடியில் பொத்தென்று படுத்து, காதைத் தடவ விட்டது.

“அம்மா, இதையே கூட்டிட்டுப் போலாம்மா.”

பெற்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். கையெழுத்துப் போட்டாகிவிட்டது.

நாய் காரில் ஏறும் நேரம், மெக்கானிக் அந்த அப்பாவிடம் போனார்.

“சார், இப்ப இருக்கிறதைப் பார்த்து ஏமாந்துடாதீங்க. இவனைத் தினமும் ஓட விடணும். பிஸ்கட்டைப் பழைய துணியில சுருட்டி ஒளிச்சு வைங்க, மோப்பம் பிடிச்சுத் தேடட்டும். சும்மா கட்டிப் போட்டா வீட்டையே பிரிச்சு மேஞ்சிடுவான். முடியும்னா மட்டும் கூட்டிட்டுப் போங்க.”

மேனேஜர் அம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தனக்குக் கிடைக்காதது இன்னொருத்தருக்கும் கிடைக்கக் கூடாது என்று நினைக்கிற ஜென்மம்.

“நான் தினமும் காலையில ஓடுறவன்தாங்க,” என்றார் அந்த அப்பா. “கூட ஓட வீட்டுல யாரும் எழுந்திருக்க மாட்டேங்கிறாங்க.”

கார் கிளம்பியது. மெக்கானிக் நிமிர்ந்து பார்க்கவில்லை. கையிலிருந்த கயிற்றைச் சுற்றிக்கொண்டே இருந்தார்.

“கெடுக்கப் பார்த்தீங்க, நடக்கலை,” என்றாள் மேனேஜர் அம்மா. “உங்க விளையாட்டுச் சாமான் போயிடுச்சு. இனிமே ஞாயிற்றுக்கிழமை இந்தப் பக்கம் வர வேண்டியதில்லை.”

அவர் கடைசிக் கூண்டுக்குப் போனார். யாருமே ஏறெடுத்துப் பார்க்காத கறுப்பு நாய் ஒன்று கம்பியைக் கடித்துக் குதறிக்கொண்டிருந்தது.

“வர்றேன் மேடம். ஆளுங்க பார்க்க வர்றதுக்குள்ள இவனையும் நல்லா ஓடவிட்டுக் களைக்க வெச்சுட்டா, குணம் தெரிஞ்சு யாராவது கூட்டிட்டுப் போயிடுவாங்க, புயலைக் கூட்டிட்டுப் போன மாதிரி.”