மூன்றாம் முறை தட்டியபோது

"ஊர்ல எல்லாரையும் தூங்க வைக்கிறவ. என்னைப் பார்த்ததும் பயமாக்கும்?"

ஆபரேஷன் மேசையில் படுத்துக்கொண்டு அக்கா கேட்டாள்.

பயமாகத்தான் இருந்தது. அவள் இதயத்தில் ஒரு வால்வு பழுதாகி, அதை மாற்றப் போகிறார்கள். அறுபதைத் தாண்டிய உடம்பு. கண் விழித்துவிடுவாள் என்று என் முகத்தைப் பார்த்துச் சொல்ல அங்கே ஒருத்தருக்கும் தைரியம் இல்லை.

சொந்த மனிதர்களுக்கு நாமே மயக்க மருந்து கொடுக்கக் கூடாது என்பது எங்கள் தொழிலில் ஒரு கட்டுப்பாடு. அதனால் ஊசி சக டாக்டர் கையில். தலைமாட்டில் நிற்க மட்டும் என்னை விட்டிருந்தார்கள்.

மருந்து ஏறும்போது மற்ற டாக்டர்கள் நூறிலிருந்து பின்னோக்கி எண்ணச் சொல்வார்கள். நான் சின்ன வயதில் பிடித்த கதையைச் சொல்லச் சொல்வேன். இருபத்தைந்து வருஷமாக இதுதான் என் வழக்கம்.

மீசையை முறுக்கிக்கொண்டு வந்த போலீஸ்காரர், முயல் வீட்டுக் கல்யாணக் கதையைச் சொல்ல ஆரம்பித்துப் பந்தி போடுவதற்குள் தூங்கிப்போனார். பள்ளிக்கூடத்தையே ஆட்டி வைத்த தலைமையாசிரியை, ராட்சசன் வீட்டு ஜன்னலை எட்டிப் பார்க்கும் இடத்தில் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். படித்த பாடமெல்லாம் மறந்த பிறகும் அந்தக் கதை மட்டும் எல்லோரிடமும் பத்திரமாக இருக்கிறது. பயம் வரும்போது கைக்கு முதலில் அகப்படுவது அதுதான் போல.

ஒருவர்கூட முடிவுவரை சொன்னதில்லை.

"நீயே சொல்லு," என்றாள் அக்கா. "அத்தனை வருஷம் நான்தானே சொன்னேன். நான் எங்க கேட்டேன்?"

அவள் கதை சொல்ல ஆரம்பித்தது, அம்மா ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பி வராத வருஷம். எனக்கு ஐந்து வயது, அவளுக்குப் பதின்மூன்று. அம்மா எங்கே என்று நான் கேட்கும்போதெல்லாம் பக்கத்தில் படுக்க வைத்து இந்தக் கதையைத்தான் சொல்வாள். மத்தியானம் தவறாமல்.

சொன்னேன்.

ஒரு பெண் தன் அம்மாவைத் தேடி ஏழு மலை தாண்டிப் போனாள். முதல் மலையில் ஒரு கரடி அவளிடமே வழி கேட்டது. மூன்றாவது மலையில் மழை கீழேயிருந்து மேலே பெய்தது. ஏழாவது மலைக்குப் பின்னால் மேகத்தால் கட்டிய ஒரு வீடு. கதவு மூடியிருந்தது.

ஒரு முறை தட்டினாள். யாரது என்று காற்று கேட்டது.

இரண்டாம் முறை தட்டினாள். உள்ளே விளக்கு எரிந்தது.

மூன்றாம் முறை தட்டினாள்.

அங்கே நின்றுவிட்டேன். அதற்கு மேல் எனக்குத் தெரியாது.

ஒவ்வொரு மத்தியானமும் அந்த இடம் வந்ததும் கண்ணை மூடிக்கொள்வேன். தூக்கம் ஒன்றும் வராது. கதவு திறந்து, உள்ளே அம்மா இல்லாவிட்டால்? கதை முடியாதவரை அம்மா அந்த வீட்டில் இருந்தாள்.

அக்கா என் நெற்றிக்குக் குனிந்து "மீதி நாளைக்கு" என்பாள். போர்வையை இழுத்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விடுவாள். அவளை நன்றாக ஏமாற்றிவிட்டதாகத்தான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன்.

இப்போது கதவுக்கு முன்னால் நான் நிற்கிறேன். திறந்தது என்று சொல்வதா, திறக்கவில்லை என்று சொல்வதா? இந்த மேசைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு எதைச் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

குனிந்து பார்த்தேன். அக்கா கண்ணை மூடியிருந்தாள். மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது.

அப்பாடா என்றிருந்தது. நல்ல நேரத்தில் மருந்து காப்பாற்றிவிட்டது. சக டாக்டர் அதை எப்போது ஏற்றினார் என்றுகூட நான் கவனிக்கவில்லை.

"தூங்கிட்டாங்க," என்றேன்.

சக டாக்டர் ஊசியைத் தூக்கிக் காட்டினார். மருந்து அப்படியே இருந்தது.

"நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே, மேடம்."

அக்காவின் இமைகள் லேசாகத் துடித்தன. என் இமைகளும் அந்த நாளில் இப்படித்தான் துடித்திருக்க வேண்டும். பாத்திரம் கழுவப் போனவள் அதைப் பார்த்துவிட்டுத்தான் போயிருக்கிறாள், ஒவ்வொரு நாளும்.

போர்வையை அவள் கழுத்துவரை இழுத்துவிட்டேன். நெற்றிக்குக் குனிந்தேன்.

"மீதி நாளைக்குக்கா."

பிறகு நிமிர்ந்து, ஊசி போடச் சொல்லித் தலையசைத்தேன்.