இரண்டாவது வரி

பிரான்சின் பர்கண்டிப் பகுதியிலுள்ள எங்கள் ஊரின் ஆவணக் காப்பக வாசிப்பறையில் பிற்பகல் வெயில் மேசையின் பாதிவரை வந்து நிற்கிறது. பேராசிரியர் லெத்தூர்னோ தன் புத்தகத்தின் மறுபதிப்பு அட்டைக்குப் பஞ்ச காலத்தில் ஊர்ப் பெண்கள் எழுதிய மனுவைப் படமெடுக்க வந்திருக்கிறார். "நாப்பத்தேழாம் பெட்டி, மதாம். இந்த மனுவை நானே தொட்டுப் படிச்சுத்தான் எழுதினேன்" என்கிறார். காப்பாளர் ஒதீல் நிமிரவில்லை. "நாப்பத்தேழுல வேலித் தகராறுதான் இருக்கு, முசியே. மனு நாப்பத்தொண்ணுல. இந்த மனுவைப் பத்தி முதல்ல எழுதின பழைய வரலாற்றாசிரியர் தன் அடிக்குறிப்புல பெட்டி எண்ணைத் தப்பா போட்டுட்டாரு." "ஆமாமா, நாப்பத்தொண்ணுதான். எனக்கு வாய் தவறிடுச்சு." "அவருக்குத் தவறின அதே எண்ணுலயா?" சரியான பெட்டி வருகிறது. அவள் நாடாவை அவிழ்க்கிறாள். தூசி வெயிலில் எழுந்து அலைகிறது. பெட்டிக்குள் மேலாக, அதைத் திறந்து பார்க்கும் ஒவ்வொருவரும் கையெழுத்திடும் தாள். முதல் வரியில் பழுப்பேறிய மையில் அந்த வரலாற்றாசிரியரின் பெயர், 1852. அதற்குக் கீழே தாள் முழுக்க வெறுமை. ஒதீல் பென்சிலை நீட்டுகிறாள். "ரெண்டாவது வரியில போடுங்க, முசியே. இன்னைக்குத் தேதியோட."