வாசலில் நிறுத்த வேண்டிய ஆள்

"யாரும்மா அந்த ஆளு? எனக்கு இப்பவே தெரிஞ்சாகணும்."

பள்ளியின் விளையாட்டு இயக்குநர் இப்படிக் கேட்டதும், பெண்கள் கால்பந்து அணியின் கோச் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே வர மனமில்லை, திரும்பி ஓடவும் வழியில்லை.

"உட்காரும்மா. ரெஃப்ரீ சங்கத்துச் செயலாளர் இப்பதான் போன்ல வாங்கு வாங்குன்னு வாங்கிட்டார். போன ரெண்டு மேட்ச்லயும் நம்ம பக்கத்துலேருந்து ஒருத்தர் ரெஃப்ரீயைத் திட்டியிருக்கார். ஃபைனல்லயும் அந்த ஆளு வாயைத் திறந்தா, ஆட்டத்தை நிறுத்திட்டுக் கப்பை எதிர் டீமுக்குக் கொடுத்துடுவாங்களாம்."

அவருக்கு டைரக்டர் என்று பெயர்தான் பெரிது. "அடுத்த படம் எப்போ சார்?" என்று தெருவில் கேலி செய்கிறார்கள். பஸ் ஏற்பாடு செய்வது, மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட ஆள் தேடுவது, கிழிந்த கோல் வலையைத் தைப்பது, இதெல்லாம்தான் அவர் எடுக்கிற படம். அவ்வளவும் இந்தப் பெண்களுக்காக என்றால் அவருக்குச் சலிப்பே வராது. பள்ளி தொடங்கியதிலிருந்து பெண்கள் அணி இறுதி ஆட்டத்துக்கு வந்தது இதுதான் முதல் தடவை.

"அப்படி என்னதான் சொன்னாராம்?"

கோச் நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். "முதல் மேட்ச்ல, 'விசில் ஊதத் தெரியலைன்னா வீட்டுக்குப் போய் குக்கர் பக்கத்துல நில்லுய்யா, அது கத்துக் கொடுக்கும்'னு..."

இயக்குநருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டார். "ரெண்டாவது மேட்ச்ல?"

"அது வேண்டாம் சார். ரெஃப்ரீயோட தாத்தா வரைக்கும் போயிடுச்சு."

"நாகரிகம் தெரியாத ஜென்மம்." பிளாஸ்க்கிலிருந்து வெந்நீர் ஊற்றி ஒரு வாய் குடித்தார். போன வாரத்திலிருந்து தொண்டை கட்டியிருந்தது. மழை வந்தாலே அவருக்கு இந்தப் பாடுதான். "நானும் அங்க கோட்டுப் பக்கத்துலதான் நின்னேன். ஆட்டத்துல மூழ்கிட்டேனா, யார் கத்தினாங்கன்னே கவனிக்கலை."

"ஆமா சார். ரொம்பத்தான் மூழ்கியிருந்தீங்க."

"சரி, நானே சொல்லட்டுமா? கோல்கீப்பரோட அப்பா. லாரி ஹாரன்."

பிள்ளைகள் வைத்த பெயர் அது. அந்த மனிதர் ரகசியம் பேசினாலே பக்கத்து வகுப்பில் பாடம் நின்றுவிடும்.

"சார், அதை நான் எப்படிச் சொல்றதுன்னு..."

"சொல்லவே வேண்டாம். உன் முழியே சொல்லுது. எதுக்கும்மா பயப்படுறே?"

"பயம் இல்ல சார். அவர் ரொம்ப நல்ல மனுஷர். டீம் மேல உசிரையே வெச்சிருக்கார். தெரிஞ்சா மனசு உடைஞ்சு போயிடுவார்."

"உசிரை வைக்கட்டும், வாயை மூடிக்கிட்டு வைக்கட்டும். தவளை தன் வாயால கெட்டா அது தவளையோட போகும். இந்தத் தவளை டீமையே இல்ல சேர்த்துக் கெடுக்குது? அந்தப் பொண்ணுங்க வெயில்லயும் சேத்துலயும் விழுந்து எழுந்து இவ்வளவு தூரம் வந்திருக்காங்க. கடைசியில ஒரு ஆளோட நாக்காலயா தோக்கணும்?"

கோச் தலையைக் குனிந்துகொண்டாள்.

"வேணும்னா நீங்களே அவர்கிட்ட ஒரு வார்த்தை..." என்று இழுத்தாள்.

"பேசிப் பிரயோஜனமே இல்லம்மா. கூப்பிட்டுக் கேட்டா, 'நானா? கத்தினேனா?'ன்னு தலையில அடிச்சு சத்தியம் பண்ணுவாங்க. இந்த ரகத்துக்குத் தான் கத்துறது தன் காதுலயே விழாது."

"அது என்னமோ நிஜம் சார்."

"அதனால ஒண்ணு பண்ணு. நம்ம வாட்ச்மேன்கிட்ட ஆளை அடையாளம் காட்டிடு. ஃபைனல் அன்னிக்கு அவர் கேட்டைத் தாண்டக் கூடாது. கெஞ்சினாலும் சரி, மிரட்டினாலும் சரி."

"பெரிய ஆளாச்சேன்னு வாட்ச்மேன் தயங்கினா?"

"எந்தக் கொம்பனா இருந்தாலும் சரி. டைரக்டர் உத்தரவுன்னு சொல்லச் சொல்லு. வர்ற பழியை நான் பார்த்துக்கறேன்."

"இது போதும் சார்" என்று எழுந்தவள், அவர் மனம் மாறிவிடுமோ என்பதுபோல வேகமாக வெளியே போனாள்.

இறுதி ஆட்டத்தன்று ஐஸ் பெட்டியைச் சுமந்துகொண்டு இயக்குநர் மைதானத்து கேட்டுக்கு வந்து சேர்ந்தபோது, ஆட்டம் தொடங்கச் சற்று நேரமே இருந்தது. அவர் கண்ணெதிரே லாரி ஹாரன் குடையை ஆட்டிக்கொண்டு உள்ளே போனார். வாட்ச்மேன் அவருக்கு ஒரு சல்யூட் வேறு அடித்தார்.

இயக்குநருக்கு ரத்தம் கொதித்தது. "என்ன பெரியவரே இது? கோச்சம்மா உங்ககிட்ட ஒண்ணும் சொல்லலையா? அவரை எப்படி உள்ள விட்டீங்க?"

"சொன்னாங்க சார். ஆனா அவரை விடலாம். அவங்க அடையாளம் காட்டின ஆள் வேற."

"வேற ஆளா? வந்தாச்சா அந்த ஆளு?"

"இப்பதான் சார் வந்தார்."

இயக்குநர் சட்டென்று திரும்பிப் பார்த்தார். பின்னால் ஒருவரும் இல்லை. வாட்ச்மேன் அவர் கையிலிருந்த ஐஸ் பெட்டியை மரியாதையோடு வாங்கி உள்ளே வைத்தார். தன் நாற்காலியைத் தூக்கி அவர் பக்கத்தில் போட்டார். பிறகு உள்ளே போய் கேட்டைப் பூட்டினார்.

"உட்காருங்க சார். கோல் விழுந்தா நானே ஓடி வந்து சொல்றேன்."