வேதவல்லியின் கண்ணன்

தொண்ணூற்றிரண்டில், கிழக்குத் தாம்பரம் கல்யாண மண்டபத்தில் தஞ்சாவூர் ஓவியக் கண்காட்சி. மாணவிகளின் படங்களை எல்லாம் வரிசையாக மாட்டிய மாஸ்டர், வேதவல்லியின் வெண்ணெய்க் கண்ணனை மட்டும் மூலையில் சாய்த்து வைத்தார்.

"நகைக்கும் கிரீடத்துக்கும்தாம்மா பசை வச்சு மேடாக்கணும். நீங்க மூக்கு, கன்னம், உதடு எல்லாத்தையும் புடைக்க வச்சிருக்கீங்க. மூணு தடவை சொல்லியும் கேக்கல."

"தெரிஞ்சுதான் சார் செஞ்சேன்" என்றாள் வேதவல்லி. அவமானத்தில் காது சுட்டது.

சாயங்காலம் அவள் கணவர் ரங்கநாதன் வந்தார். வேதவல்லி அவரை நேராக மூலைக்கு அழைத்துப் போனாள். அவர் தரையில் உட்கார்ந்து படத்தின்மேல் கை வைத்தார்.

"சார், படத்தைத் தொடாதீங்க" என்று மாஸ்டர் ஓடி வந்தார்.

ரங்கநாதனின் விரல்கள் நிற்கவில்லை.

"தவழ்ந்து வர்றான். வலது கையில வெண்ணெய். கன்னம் உப்பியிருக்கே, வாயிலயும் வெண்ணெயா? சிரிக்கிறான் வேதா."

அவர் மடியில் கிடந்த வெள்ளைக் கோலை மாஸ்டர் அப்போதுதான் கவனித்தார்.

"பார்வை போய் பதினோரு வருஷம் ஆச்சு சார். இன்னிக்குத்தான் சாமியைப் பார்க்கிறேன்" என்றார் ரங்கநாதன்.

மாஸ்டர் நடுச்சுவரில் இருந்த தன் படத்தைக் கழற்றினார்.

"இங்க மாட்டுங்கம்மா. எல்லார் கைக்கும் எட்டற உயரத்துல."