காளைக்கு ஊசி போட்டவர்

அறுவை சிகிச்சைக்குப் போகுமுன், தள்ளுவண்டியில் படுத்திருந்த பெரியவரின் பயம் தெளியட்டும் என்று நர்ஸ் ஒரு கிராமத்து மாட்டு டாக்டரின் அனுபவ நூலை வாசித்தாள். எத்தனை பதிப்பு வந்தாலும் விற்றுத் தீரும் புத்தகம். முரட்டுக் காளையை டாக்டர் தனியாளாக அடக்கி ஊசி போடும் இடம் வந்தது.

“பச்சைப் பொய்! காளை முறைச்சதும் அந்த ஆளு வைக்கோல்போர்ல ஏறிட்டான்.”

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“ஏறினதே நான்தாம்மா! வீட்ல நான் விட்ட கதையை நம்பி, என் சம்சாரம் புனைபெயர்ல எழுதின புத்தகம் இது.”

வாசலில் நின்ற மனைவி சிரித்தாள். “நம்பி எழுதலீங்க. காளைக்காரர் அன்னைக்கே வந்து சொல்லிட்டார். மறுநாள் அதே தொழுவத்துக்குத் திரும்பப் போய் ஊசி போட்டுட்டு வந்தீங்களே, அதுக்காகத்தான் எழுதினேன்.”

பெரியவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மனைவியிடம் கொடுத்தார்.

“வண்டியைத் தள்ளும்மா, போகலாம்” என்றார் நர்ஸிடம்.